வலைப்பக்க அட்டவணையில் நிலைத்த தலைப்பு நிரை: ஒரு தொழில்நுட்ப வரலாறு (1996–2021)

ஆய்வுச்சுருக்கம்

நீண்ட அட்டவணையை வலைப்பக்கத்தில் உருட்டிப் படிக்கும்போது அதன் தலைப்பு நிரை திரையின் மேற்புறத்தில் நிலைத்து நிற்க வேண்டும் என்னும் தேவை வலைமொழியின் விதிநூல்களில் 1996–97 காலத்திலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் முதன்மையான உலாவிகள் அனைத்திலும் அது முழுமையாக நிறைவேறியது 2021ஆம் ஆண்டில்தான். கால் நூற்றாண்டு நீண்ட இத்தாமதத்திற்கு உலாவி நிறுவனங்களின் அக்கறையின்மையை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது என இக்கட்டுரை வாதிடுகிறது. அச்சுநூலிலிருந்தும் விரிதாளிலிருந்தும் பெறப்பட்ட இரு வேறு கருத்துருக்கள் வலைப்பக்கத்தின் இயல்போடு பொருந்தாமல் போனமையும், அவற்றைப் பொருத்த முயன்றோர் அட்டவணையையே இரண்டாக வெட்ட நேர்ந்தமையும் இவ்வரலாற்றின் மையமாகும். அவ்வெட்டினால் திரைவாசிப்பானைச் சார்ந்திருந்த வாசகர் அடைந்த இழப்பும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அட்டவணை, தலைப்பு நிரை, உலாவி, விரிதாள், எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஒட்டுநிலை, திரைவாசிப்பான்

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வின் தொடக்க ஆண்டில், ஓலைச்சுவடிப் பட்டியல் ஒன்றினை அதன் இணையப் பதிப்பில் பயின்றுகொண்டிருந்தேன். நூற்பெயர், ஆசிரியர், ஏடுகளின் எண்ணிக்கை, பக்கத்திற்கு வரிகள், சுவடியின் நிலை எனப் பல நிரல்களைக் கொண்ட நீண்ட அட்டவணை அது. முதல் திரையைக் கடந்ததும் தலைப்புகள் மேலே சென்று மறைந்துவிடும். கண்முன் எஞ்சுபவை எண்கள் மட்டுமே. அடுத்தடுத்து நின்ற இரண்டு எண் நிரல்களை இடம் மாற்றிக் குறித்துக்கொண்டேன். பல வாரங்கள் கழித்து, சுவடி ஒன்றை நேரில் எண்ணிப் பார்த்தபோதுதான் அப்பிழை வெளிப்பட்டது. பிழை என்னுடையதே. எனினும், அட்டவணையில் உள்ள ஓர் எண் தனித்து நின்று எப்பொருளையும் தருவதில்லை என்பதையும், அதற்குப் பொருள் தரும் சொல் பார்வையிலிருந்து அகன்றுவிட்டால் தரவு தரவாக நீடிப்பதில்லை என்பதையும் அந்நிகழ்வு உணர்த்தியது.

மறையும் தலைப்பை நிலைக்கச் செய்வது இன்றைய வலை வடிவமைப்பாளர்க்கு ஓரிரு வரிக் குறிமுறையில் முடியும் செயல். அந்த ஓரிரு வரிகள் ஏன் அத்துணை ஆண்டுகள் பிடித்தன என்பதே இக்கட்டுரையின் வினா. பள்ளிக் கணிதப் பாடநூல்களின் வழக்கையொட்டிக் கிடைவரிசையை நிரை என்றும் செங்குத்து வரிசையை நிரல் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. நிரல்களின் பெயர்களைத் தாங்கும் முதல் நிரை ‘தலைப்பு நிரை’ எனப்படும்.

அச்சு மரபு: மீளச் சொல்லுதல்

நிரல்களுக்குப் பெயரிடும் வழக்கம் மிகத் தொன்மையானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் ‘பிளிம்டன் 322’ என்னும் பாபிலோனியக் களிமண் பலகை ஏறத்தாழ கி.மு. 1800ஐச் சார்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் அப்பலகையில் 15 நிரைகளும், எஞ்சியுள்ள நான்கு நிரல்களும், அந்நிரல்களின் மேல் தலைப்புகளும் காணப்படுகின்றன. பலகை முழுவதும் ஒரே பார்வையில் அடங்குவதால் தலைப்பு மறையும் சிக்கல் அங்கு எழவில்லை.

அட்டவணை ஒரு பக்கத்தைக் கடந்து நீளும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. அச்சுநூல் அதற்குக் கண்ட தீர்வு எளியது: ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் தலைப்பை மீண்டும் அச்சிடுவது. மடக்கை அட்டவணைகள், கப்பற் பயண அட்டவணைகள், கணக்குப் பேரேடுகள் ஆகிய அனைத்திலும் இம்முறையைக் காணலாம். நம் வருவாய்த் துறையின் அடங்கல் பதிவேட்டிலும் தலைப்புகள் பக்கந்தோறும் அச்சிடப்பட்டே இருக்கும். எழுதுபவர் கட்டங்களை நிரப்பினால் போதும். தலைப்பு இங்கே நகர்வதுமில்லை, நிற்பதுமில்லை, படியெடுக்கப்படுகிறது. அதற்கான உழைப்பை அச்சுக்கோப்பவர் ஏற்றுக்கொள்கிறார். வாசகர் எதையும் செய்ய வேண்டியதில்லை.

இம்மரபு கணினிக்குள் நுழைந்த வழி கவனத்திற்குரியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் தளவாடங்களுக்கான பராமரிப்புக் கையேடுகளைக் கணினிவழி உருவாக்க ‘கால்ஸ்’ என்னும் திட்டத்தின்கீழ் அட்டவணைக்கென ஒரு குறியிடு முறையை வகுத்தது. எஸ்.ஜி.எம்.எல். மொழியில் அமைந்த அம்முறை அட்டவணையைத் தலை, உடல், அடி என மூன்று உறுப்புகளாகப் பகுத்தது. ‘டீஹெட்’, ‘டீபாடி’, ‘டீஃபுட்’ என்னும் பெயர்கள் அங்கு வழங்கியவையே. தலை என்னும் உறுப்பைத் தனியே பிரித்ததன் நோக்கம், அட்டவணை அடுத்த பக்கத்திற்கு நீளும்போது எப்பகுதியை மீண்டும் அச்சிட வேண்டும் என்பதை இயந்திரத்திற்கு அறிவிப்பதாகும். பின்னாளில் வலைப்பக்கங்களில் இடம்பெற்ற தலைப்பு உறுப்பு இங்ஙனம் அச்சுக் கையேட்டின் வழித்தோன்றலேயாகும்.

விரிதாள்: சாளரத்தைப் பகுத்தல்

திரையில் உருளும் அட்டவணைக்குத் தலைப்பை நிலைநிறுத்தும் தேவையை முதலில் பரவலாக உணர்த்தியது விரிதாள் மென்பொருளாகும். டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகியோர் உருவாக்கி 1979ஆம் ஆண்டு ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த விசிகால்க் 254 நிரைகளும் 63 நிரல்களும் கொண்ட தாளைக் கொண்டிருந்தது. அக்கணினித் திரையோ 24 வரிகளை மட்டுமே காட்ட வல்லது. தாளின் மிகச் சிறு பகுதியே ஒரு வேளையில் கண்ணுக்குத் தெரியும் என்பதால், தலைப்புகளைப் பூட்டிவைக்கத் தனிக் கட்டளையே அம்மென்பொருளில் அமைக்கப்பட்டது. சாய்கோட்டை அழுத்தி ‘டி’ என்னும் எழுத்தைத் தட்டினால், மேல் நிரைகளைப் பூட்டுவதா, இடப்புற நிரல்களைப் பூட்டுவதா, இரண்டையுமா, எதையும் பூட்டாமல் விடுவதா என அது வினவும். 1983இல் வெளியான லோட்டஸ் 1-2-3 மென்பொருளும் இதே வசதியைத் தன் கட்டளைப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. எக்செல் பயனர்கள் இன்று அறியும் பலக உறைவுக் கட்டளையும் இவ்வழியில் வந்ததே.

விரிதாளில் இது எளிதாக இயன்றமைக்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, விரிதாளே முழுத் திரையையும் ஆள்கிறது; அதற்கு மேலும் கீழும் வேறு பத்திகள் இல்லை. இரண்டாவது, நிரல்களின் அகலத்தைப் பயனர் முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறார். உள்ளடக்கம் நீண்டால் வெட்டுண்டு தெரியுமேயன்றி, நிரல் தானே விரிவதில்லை. இவ்விரண்டும் வலைப்பக்கத்தில் இல்லாதவை. இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளாமல் ‘விரிதாளில் 1979இல் இருந்தது வலையில் ஏன் இல்லை’ என வினவுவது இரு வேறு ஊடகங்களை ஒன்றாக மயங்குவதாகும்.

1996–97: வாக்குறுதி

தொடக்ககால வலைமொழியில் அட்டவணைக்கு இடமே இல்லை. எண்களை நிரல்படுத்த விரும்பியோர் தட்டச்சுப் பொறியில் செய்வதுபோல் வெற்றிடங்களை இட்டு, உள்ளதை உள்ளவாறே காட்டும் ‘ப்ரீ’ குறிக்குள் வைத்தனர். 1995இல் நெட்ஸ்கேப் உலாவியின் 1.1ஆம் பதிப்பு அட்டவணைகளைக் காட்டத் தொடங்கியது. அதனை முறைப்படுத்தும் ஆவணமாக டேவ் ராகெட் எழுதிய ‘ஆர்.எஃப்.சி. 1942’ 1996ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. தலை, உடல், அடி என்னும் முப்பகுப்பு வலைமொழிக்கென வரையறுக்கப்பட்ட ஆவணம் இதுவே. 1997 சனவரியில் பரிந்துரைக்கப்பட்ட எச்.டி.எம்.எல். 3.2, நடைமுறையில் பரவியிருந்தவற்றை மட்டும் ஏற்று இம்முப்பகுப்பை ஒதுக்கிவைத்தது. அதே ஆண்டு திசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 அதை மீண்டும் ஏற்றுக்கொண்டது.

இவ்விதிநூல் முப்பகுப்பிற்குக் கூறும் காரணங்கள் இரண்டு. தலையும் அடியும் நிற்க, உடல் மட்டும் தனியே உருளுமாறு உலாவிகள் காட்ட இயலும் என்பது ஒன்று; நீண்ட அட்டவணையை அச்சிடும்போது தலையையும் அடியையும் பக்கந்தோறும் மீளச் செய்யலாம் என்பது மற்றொன்று. பின்னது கால்ஸ் முறையிலிருந்து வந்த அச்சு மரபு. முன்னது விரிதாளில் பழகிய கருத்துரு. இரு வேறு மூதாதையரின் சாயலும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து இடம்பெற்றிருப்பதைக் காண்கிறோம். மேலும், நிரைகள் அனைத்தும் இணையவழி வந்து சேர்வதற்கு முன்னரே அடிப்பகுதியை வரைந்துவிடும் பொருட்டு, குறிமுறையில் அடி உறுப்பானது உடலுக்கு முன்னதாக எழுதப்பட வேண்டும் எனவும் அந்நூல் விதித்தது. அடியானது உடலுக்கு முன் வரும் இவ்வினோத வைப்புமுறையே, திரையில் தலையும் அடியும் நிற்க நடுவில் உடல் உருளும் ஒரு காட்சியை விதியாசிரியர்கள் மனத்திற்கொண்டிருந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

இவ்விரு நோக்கங்களில் அச்சு நோக்கம் விரைவிலேயே நடைமுறைக்கு வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர், மொசில்லா ஆகிய உலாவிகள் அச்சிடும்போது தலைப்பைத் தாள்தோறும் மீளச் செய்தன. உருளும் உடல் என்னும் நோக்கமோ விதிநூலின் ஏட்டளவிலேயே தங்கிவிட்டது.

உடல் ஏன் உருளவில்லை?

வலைப்பக்க அட்டவணையின் தனித்தன்மை அதன் தானியங்கு அகலக் கணிப்பில் உள்ளது. ஒரு நிரலின் அகலத்தைத் தீர்மானிக்க உலாவி அந்நிரலில் உள்ள கட்டங்கள் அனைத்தையும் அளந்து பார்க்கிறது. 900ஆம் நிரையில் ஒரு நீண்ட பெயர் இருந்தால், அதற்கேற்பத் தலைப்புக் கட்டமும் விரியும். தலைப்புச் சொல் நீண்டிருந்தால் கீழுள்ள எண்களுக்கும் அகன்ற இடம் கிடைக்கும். தலையும் உடலும் ஒன்றையொன்று அளந்தே தம் அகலத்தைப் பெறுகின்றன. வாசகரின் திரை அகலம், எழுத்துரு, எழுத்தின் அளவு ஆகிய எதையும் முன்னறியாத ஊடகத்தில் இது பெரும் வசதியாகும். அட்டவணையை எழுதுபவர் ஓர் அளவையும் குறிப்பிடாமலேயே அது ஒழுங்காக அமைந்துவிடுகிறது.

உடல் தனியே உருள வேண்டுமானால் அதற்கு ஓர் உயரம் வேண்டும். அவ்வுயரத்தை மீறும் பகுதி மறைய வேண்டும். உருட்டுபட்டைக்கு இடம் ஒதுக்க வேண்டும். உருட்டுபட்டை உடலின் அகலத்தைக் குறைக்கும்போது தலைக்கும் உடலுக்கும் இடையிலான ஒத்திசைவு குலைகிறது. அட்டவணையின் உயரம் அதன் நிரைகளின் கூட்டுத்தொகையே என்னும் அடிப்படை விதியோடும் இது முரண்படுகிறது. 1998 மே மாதம் பரிந்துரைக்கப்பட்ட சி.எஸ்.எஸ். 2 என்னும் நடைதாள் மொழி, மீறும் பகுதியைக் கையாள ‘ஓவர்ஃப்ளோ’ என்னும் பண்பை வழங்கியது. அதனை அட்டவணையின் உடலுக்கும் பயன்படுத்த மொசில்லா வழியில் வந்த உலாவிகள் சில ஆண்டுகள் இடமளித்தன. அவ்வுலாவிகளில் மட்டும், 1997இன் வாக்குறுதி ஏறக்குறைய நிறைவேறியது எனலாம். ஆனால் பின்னர் செப்பமுற்ற சி.எஸ்.எஸ். 2.1 அப்பண்பு அட்டவணை உறுப்புகளுக்கு உரியதன்று எனக் கொண்டதால், 2011 மார்ச்சில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 4 அந்த இடமளிப்பையும் நீக்கிவிட்டது. விதியைப் பின்பற்றியதன் விளைவாக, விதிநூல் ஒரு காலத்தில் விரும்பிய வசதி மறைந்தது. இவ்வரலாற்றில் இதனினும் வருந்தத்தக்க முரண் வேறில்லை.

இன்னொரு குறையையும் சுட்ட வேண்டும். உருளும் உடல் என்னும் கருத்துரு பக்கத்திற்குள் ஒரு சிறு சாளரத்தைத் திறக்கிறது. பக்கத்தை உருட்டும் வாசகரின் விரல் அட்டவணைமேல் வந்ததும் பக்கம் நின்று அட்டவணை மட்டும் உருளத் தொடங்கும்; அது முடிந்ததும் மீண்டும் பக்கம் உருளும். முழுத் திரையும் தானேயான விரிதாளில் இக்குழப்பம் இல்லை. பத்திகளுக்கு இடையில் அட்டவணை அமையும் ஆய்வுக்கட்டுரை போன்ற பக்கங்களில் இது வாசிப்பைக் குலைப்பதாகவே அமையும். ஆகவே அவ்வாக்குறுதி நிறைவேறியிருந்தாலும் அது பாதி வெற்றியாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து.

இரண்டாக வெட்டப்பட்ட அட்டவணை

தேவை இருக்கையில் வழியில்லை என்றால் மாற்றுவழிகள் பெருகும். 1996இல் நெட்ஸ்கேப் 2.0 அறிமுகப்படுத்திய சட்டகங்கள் முதல் வழியைத் திறந்தன. மேற்சட்டகத்தில் தலைப்பு மட்டும் கொண்ட ஓர் அட்டவணை. கீழ்ச்சட்டகத்தில் தரவு மட்டும் கொண்ட மற்றோர் அட்டவணை. கீழது உருள, மேலது நிற்கும். சட்டகங்கள் வழக்கொழிந்த பின்னர், ஒரே பக்கத்தில் இரு அட்டவணைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கீழதை மட்டும் உருளும் பெட்டிக்குள் அடக்கினர். இரண்டிலும் நிரல்களின் அகலத்தைப் புள்ளிக் கணக்கில் எழுத்தாளரே வரையறுக்க வேண்டியிருந்தது. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் தலைப்பு ஒரு நிரலுக்கு மேலும் தரவு மற்றொரு நிரலுக்குக் கீழும் விலகி நிற்கும். மறைந்த தலைப்பினும் தவறான இடத்தில் நிற்கும் தலைப்பு தீங்கானது. முன்னது ஐயத்தை எழுப்பும், பின்னது நம்பிக்கையோடு பிழை செய்ய வைக்கும்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் வேறொரு நுட்பம் பரவியது. அவ்வுலாவியின் 5ஆம் பதிப்பு முதல், நடைதாளுக்குள்ளேயே கணக்கீட்டுத் தொடர்களை எழுதும் வசதி இருந்தது. பெட்டி எவ்வளவு உருண்டதோ அவ்வளவு தொலைவு தலைப்பு நிரையைக் கீழே தள்ளுமாறு ஒரு தொடர் எழுதினால், தலைப்பு நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். அட்டவணையை வெட்டாமலேயே தலைப்பை நிலைக்கச் செய்த முறை இது என்பதை மறுக்க இயலாது. எனினும் அது ஒரே நிறுவனத்தின் உலாவிக்குள் அடங்கியது. உலாவியின் வேகத்தைக் கடுமையாகக் குறைத்தது. 2009இல் வெளியான 8ஆம் பதிப்பின் தரநிலை முறையில் அவ்வசதி கைவிடப்பட்டது.

2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி நூலகத்திற்குப் பின் ஜாவாஸ்கிரிப்ட் வழித் தீர்வுகள் செழித்தன. பெரும்பாலானவற்றின் செயல்முறை ஒன்றே: தலைப்பு நிரையை முழுமையாகப் படியெடுப்பது, மூலத் தலைப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து அவ்வகலத்தைப் படிக்கு இடுவது, மூலத் தலைப்பு பார்வையிலிருந்து மறையும் தருணத்தில் படியைத் திரையின் மேற்புறத்தில் நிறுத்துவது, சாளரத்தின் அளவு மாறும்போதெல்லாம் மீண்டும் அளப்பது. அச்சுக்கோப்பவர் பக்கந்தோறும் செய்த படியெடுப்பு இங்கே வேறு வடிவில் திரும்பி வருகிறது. வலை எழுத்துரு தாமதமாக வந்து சேர்ந்தால், மாற்று எழுத்துருவில் அளந்த அகலம் பயனற்றுப் போகும். சொற்கள் நீண்டும், எழுத்துருக்கு எழுத்துரு அகலம் பெரிதும் வேறுபட்டும் அமையும் தமிழ் அட்டவணைகளில் இவ்விலகல் வெளிப்படையாகத் தெரியும். பின்வந்த உலாவிகள் உருட்டலைத் தனிச் செயலிழையில் நிகழ்த்தத் தொடங்கியதும், ஜாவாஸ்கிரிப்ட் தலைப்பை நகர்த்துவதற்கு முன்னரே பக்கம் நகர்ந்துவிட்டது. தலைப்பு நடுங்கிக்கொண்டே பின்தொடர்ந்தது.

இவை கண்ணுக்குத் தெரிந்த குறைகள். தெரியாத குறை வேறு. பார்வையற்ற வாசகர் அட்டவணையைத் திரைவாசிப்பான்வழிக் கேட்கிறார். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு நகரும்போது, அந்நிரலின் தலைப்பையும் உடன்சேர்த்துப் படித்துக்காட்ட அக்கருவிக்கு இயலும். அதற்கு ஆதாரம், தலைப்புக் கட்டமும் தரவுக் கட்டமும் ஒரே அட்டவணைக்குள் இருத்தலே. எச்.டி.எம்.எல். 4 ‘ஸ்கோப்’, ‘ஹெடர்ஸ்’ முதலிய பண்புகளை இதற்கெனவே வழங்கியது. தரவு அட்டவணைகளில் நிரை, நிரல் தலைப்புகளை அடையாளப்படுத்த வேண்டும் என 1999இல் வெளியான அணுகுமை வழிகாட்டியின் முதற்பதிப்பும் வலியுறுத்தியது. பார்வையுள்ளோர்க்குத் தலைப்பு மறையக் கூடாது என்பதற்காக அட்டவணையை இரண்டாக வெட்டியபோது, கேட்டுப் படிப்போர்க்குத் தலைப்பு முற்றாக மறைந்தது. கீழுள்ள அட்டவணை தலையில்லா உடலாயிற்று. மேலுள்ளது தரவில்லாச் சொற்கோவையாயிற்று. படியெடுக்கும் முறையிலோ தலைப்பு இருமுறை ஒலிக்கும் வாய்ப்பு இருந்தது; கவனமுள்ள நிரலாளர் படியைத் திரைவாசிப்பானுக்கு மறைத்தனர், கவனமற்றோர் அங்ஙனமே விட்டனர். திரையின் ஓரத்தில் ஒரு நிரை நிற்கிறதா நகர்கிறதா என்பது கேட்டுப் படிப்பவருக்குச் சிக்கலே அன்று. அவருக்குத் தேவையற்ற ஒரு வசதிக்கான விலையை அவர் செலுத்தினார்.

ஒட்டுநிலை: 2012–2021

புதிய கருத்துரு கைப்பேசியிலிருந்து வந்தது. 2007இல் வெளியான ஐபோனின் தொடர்புப் பட்டியலில், பெயர்களை உருட்டும்போது ‘ஏ’, ‘பி’ என்னும் பிரிவெழுத்து மேற்புறத்தில் ஒட்டி நிற்கும். அடுத்த பிரிவு வந்ததும் அது பழையதை மேலே தள்ளிவிட்டுத் தான் ஒட்டிக்கொள்ளும். இங்கே தனிச் சாளரம் இல்லை, படியெடுப்பும் இல்லை. தலைப்பு பட்டியலின் உறுப்பாகவே இருந்துகொண்டு, தன் பிரிவு திரையில் உள்ளவரை மட்டும் நிற்கிறது.

இந்நடத்தையை வலைமொழிக்குக் கொணரும் முன்மொழிவை ஆப்பிள் நிறுவனத்தின் எட்வர்ட் ஓ’கானர் 2012ஆம் ஆண்டு சி.எஸ்.எஸ். பணிக்குழுவிடம் வைத்தார். ‘பொசிஷன்’ என்னும் பண்பிற்கு ‘ஸ்டிக்கி’ என்னும் புதிய மதிப்பு. இக்கட்டுரை இதனை ஒட்டுநிலை என வழங்குகிறது. சி.எஸ்.எஸ். 2இல் ஏற்கெனவே இருந்த நிலைப்பு மதிப்பு ஓர் உறுப்பைப் பக்க ஓட்டத்திலிருந்து பிரித்தெடுத்துத் திரையோடு பிணைத்துவிடும். தலைப்பு நிரைக்கு அதைப் பயன்படுத்தினால் நிரல் அகலங்களோடு அதற்கு இருந்த உறவு அறுந்துபோகும். ஒட்டுநிலையோ உறுப்பை அதன் இடத்திலேயே விட்டு, இடஒதுக்கீட்டையும் காத்து, வரையும்போது மட்டும் அதனை நகர்த்துகிறது. அகலக் கணிப்பு முடிந்த பின்னரே அது செயற்படுகிறது என்பதால் தலையும் உடலும் ஒன்றையொன்று அளந்துகொள்வதற்கு இடையூறு இல்லை. தன்னைச் சூழ்ந்த பெட்டியின் எல்லையை அது தாண்டுவதும் இல்லை. அட்டவணை முடிந்ததும் தலைப்பும் உடன்செல்லும்.

அதே ஆண்டில் ஐஓஎஸ் 6இன் உலாவியில் இது இடம்பெற்றது. பிற உலாவிகளின் பயணம் நேர்கோட்டில் அமையவில்லை. குரோம் 23ஆம் பதிப்பு முதல் சோதனை நிலையில் வைத்திருந்த இவ்வசதியை 2014இல் 37ஆம் பதிப்பில் நீக்கிவிட்டு, 2017 சனவரியில் 56ஆம் பதிப்பில்தான் மீண்டும் கொணர்ந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2014 செப்டம்பரில் 32ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. எனினும் அட்டவணையின் உறுப்புகளுக்கு மட்டும் அது பொருந்தாது என விலக்கு வைத்திருந்தது! இக்கருத்துருவை வேறெவரினும் அதிகமாக எதிர்பார்த்திருந்தது அட்டவணையே. அதற்குத்தான் கடைசியாகக் கிடைத்தது. 2018 மார்ச்சில் வெளியான 59ஆம் பதிப்பு அவ்விலக்கை அகற்றியது.

குரோமில் வேறொரு குறை எஞ்சியது. தலைப்புக் கட்டங்களைத் தனித்தனியே ஒட்ட வைக்கலாம். ஆனால் தலைப்பு நிரையையோ ‘டீஹெட்’ உறுப்பையோ ஒட்ட வைக்க முடியாது. தலைப்பு ஒரே நிரையில் அமைந்தால் இது பெரிய தொல்லையன்று. ஒரு பெருந்தலைப்பின்கீழ் இரண்டு மூன்று உட்தலைப்புகள் அமையும் அட்டவணைகளில், இரண்டாம் நிரைக் கட்டங்களுக்கு முதல் நிரையின் உயரத்தைக் கணித்துத் தனியே எழுத வேண்டியிருந்தது. முதல் நிரை இரு வரிகளாக மடிந்தால் அக்கணக்கு பொய்க்கும். அட்டவணை வரையும் நிரற்பகுதியை முற்றிலும் புதிதாக எழுதி, 2021 மே மாதம் 91ஆம் பதிப்பில் ‘டேபிள்ஸ் என்.ஜி.’ என்னும் பெயரில் குரோம் வெளியிட்ட பின்னரே ‘டீஹெட்’ உறுப்பு முழுமையாக ஒட்டி நின்றது. கால்ஸ் முறையிலிருந்து பெயர்பெற்று, 1996இல் வலைக்குள் வந்த அவ்வுறுப்பு, வெட்டப்படாத ஓர் அட்டவணையின் தலையாகவே இருந்துகொண்டு திரையில் நிற்க இயன்றது அப்போதுதான்.

ஒட்டிய பின்

நடைமுறையில் சில இடர்கள் தொடர்கின்றன. பின்னணி நிறம் இடாத தலைப்பின் ஊடே கீழ்நிரைகள் தெரியும். இது எளிதில் திருத்தக்கூடியது. கட்டங்களின் எல்லைக்கோடுகளை ஒன்றிணைக்கும் முறையைக் கையாண்டால், கோடுகள் கட்டத்திற்கு அன்றி அட்டவணைக்கே உரியவையாகிவிடுவதால், தலைப்பு நிற்கக் கோடுகள் மட்டும் உருண்டு சென்றுவிடும். இதனினும் கடினமானது அகன்ற அட்டவணையின் சிக்கல். கைப்பேசியில் பக்கவாட்டில் உருட்டிப் பார்ப்பதற்காக அட்டவணையை ஒரு பெட்டிக்குள் இட்டால், அப்பெட்டியே உருளும் கலமாகக் கருதப்படுகிறது. தலைப்பு அப்பெட்டியோடு ஒட்ட முனைகிறது. பெட்டியோ மேலும் கீழும் உருள்வதில்லை. விளைவாகத் தலைப்பு பக்கத்தோடு மேலே சென்று மறைகிறது. பக்கவாட்டு உருட்டலா நிலைத்த தலைப்பா என ஒன்றைத் தேர வேண்டிய இந்நிலை 2021க்குப் பின்னரும் நீடித்தது.

நிற்கும் தலைப்பு மறைக்கவும் செய்யும். விசைப்பலகை வழியாக மட்டும் பக்கத்தில் நகர்வோர் பின்னோக்கிச் செல்லும்போது, குவியம் பெற்ற இணைப்பு ஒட்டிய தலைப்பின் பின்னால் சென்று ஒளிந்துகொள்ளக்கூடும். 2023 அக்டோபரில் வெளியான அணுகுமை வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு, குவியம் பெற்ற உறுப்பு முழுவதும் மறைக்கப்படலாகாது என 2.4.11ஆம் விதியாக வகுத்துள்ளது. உருளும் பரப்பின் மேற்புறத்தில் தலைப்பின் உயரத்திற்கு இணையாக இடம் விடுமாறு நடைதாளில் குறிப்பதே இதற்கு இப்போது கையாளப்படும் வழி.

தமிழ் அட்டவணைகளில் அவ்வுயரம் சிறியதன்று. ‘ஏடுகளின் எண்ணிக்கை’ என்னும் தலைப்பு, இரண்டு இலக்க எண்களைத் தாங்கும் குறுகிய நிரலின்மேல் இரண்டு மூன்று வரிகளாக மடியும். கைப்பேசியைக் கிடைநிலையில் பிடித்துப் பார்த்தால், ஒட்டி நிற்கும் தலைப்பே திரையின் கணிசமான பகுதியை எடுத்துக்கொள்ள, தரவுக்குச் சில நிரைகளே எஞ்சும். அச்சுப் பட்டியல்களின் தொகுப்பாளர்கள் ‘ஏ.எ.’, ‘ப.வ.’ எனச் சுருக்கக் குறியீடுகளை இட்டு முகப்பில் விளக்கம் தந்ததும் இட நெருக்கடியினாலேயே. முன்னர் நான் தவறாகக் குறித்துக்கொண்ட பட்டியலில் அச்சுருக்கங்களும் இல்லை, ஒட்டுநிலையும் இல்லை. உலாவியில் அப்பக்கத்தின் நடைதாளை எனக்கென மாற்றித் தலைப்பை நிற்கச் செய்தபோது, இணைந்த எல்லைக்கோடுகள் தலைப்பை விட்டு நழுவிச் சென்றன. நிரல்கள் மட்டும் சரியாக நின்றன.